ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறவர்களுக்கு: ‘பெரிய’ என்று சொல்ல ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை எங்கே போடுவது

வெளிநாட்டில் படிக்கவோ குடியேறவோ கேட்கும் ஆங்கிலத் தேர்வுதான் ஐஇஎல்டிஎஸ். கடலூரிலோ புதுச்சேரியிலோ அதற்கான கோச்சிங்கில் சேர்ந்தால் முதல் வாரமே ஒரு ஜெராக்ஸ் தாள் கைக்கு வரும். மேலே ‘பிக்’ என்று தலைப்பு. கீழே லார்ஜ், ஹியூஜ், எனார்மஸ், வாஸ்ட், இமென்ஸ், கொலாசல் என்று ஒரு பக்கம் முழுக்க சொற்கள். எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பொருள்: ‘மிகப் பெரிய’. மனப்பாடம் செய்து மாற்றி மாற்றிப் போடுங்கள், பேண்ட் (இந்தத் தேர்வின் மதிப்பெண்) ஏறும் என்பார்கள். அந்தத் தாளோடு நானும் நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன். அப்படிப் போட்டால் ஏறாது. எழுத்துத் தேர்வில் சொல்வளத்துக்கு 25 சதவீதம் மதிப்பெண் உண்டு, உண்மைதான். ஆனால் திருத்துகிறவர் எவ்வளவு பெரிய சொல்லைப் போட்டீர்கள் என்று பார்ப்பதில்லை. அந்தச் சொல் பக்கத்துச் சொல்லோடு ஒட்டுகிறதா என்று பார்க்கிறார். எந்த ‘பெரிய’ எதோடு ஒட்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. கூடவே, பணமும் நேரமும் வீணாகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன்.

1. முதலில் பாஸ்போர்ட்

இந்தியாவில் இந்தத் தேர்வு எழுத பாஸ்போர்ட் கட்டாயம். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் எதுவும் செல்லாது. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் சொல் படிப்பதைத் தள்ளிவைத்துவிட்டு அதற்கு விண்ணப்பியுங்கள். புதுச்சேரியிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கிறது. பெரியவர்களுக்கான 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். தத்கலில் போனால் அதற்கு மேல் 2,000. ஆதாரோடு பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள். சில நாடுகளுக்கு வேலைக்காகப் போகும்போது இந்தியாவை விட்டுக் கிளம்ப எமிக்ரேஷன் கிளியரன்ஸ் என்று தனியாக அனுமதி வாங்கும் தொல்லை அதனால் மிச்சமாகும்.

நம் ஊர்க்காரர்கள் வழுக்கி விழும் இடம் இனிஷியல். சான்றிதழில் ‘கே’ என்று ஒற்றை எழுத்தாக இருப்பதை பாஸ்போர்ட்டில் விரித்து எழுதச் சொல்வார்கள். அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். தேர்வுக்குப் பதியும்போது பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை அப்படியே போடுங்கள். சான்றிதழைப் பார்த்துப் பதிய வேண்டாம்.

2. எந்தத் தேர்வு, எவ்வளவு செலவு

கல்லூரிப் படிப்புக்கு அகாடமிக். குடியேற்றம், வேலை என்றால் பெரும்பாலும் ஜெனரல் டிரெய்னிங். பிரிட்டன் விசாவுக்கு யூகேவிஐ என்று தனி வகை இருக்கிறது. கேள்விகள் அதே மாதிரிதான், கட்டணம் மட்டும் அதிகம், பதிவும் தனி. உங்கள் கல்லூரியோ முகவரோ எதைக் கேட்கிறார்கள் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் பணம் கட்டுங்கள். வகை மாறி எழுதிவிட்டால் கட்டிய பணம் போனதுதான்.

கட்டணம் 18,000 ரூபாயை ஒட்டி வரும், அவ்வப்போது ஏறும். பதிவுப் பக்கத்தில் காட்டும் தொகைதான் கணக்கு. தேதி தேர்ந்தெடுக்கும்போது பேச்சுத் தேர்வு என்றைக்கு விழுகிறது என்று கட்டாயம் பாருங்கள். மற்ற மூன்று பகுதிகளும் (கேட்பு, வாசிப்பு, எழுத்து) ஒரே நாளில் முடியும், பேச்சு மட்டும் வேறு நாளில் வரலாம். சென்னையில் எழுதுவதாக இருந்தால் இரண்டு முறை பஸ், இரண்டு நாள் லீவு. ஒரே நாளில் எல்லாம் முடிகிற மாதிரி கிடைத்தால் இரண்டு வாரம் தள்ளிப்போனாலும் அதையே எடுங்கள்.

3. மூன்று சொல்லில் அடித்தளம்

சரி, சொற்களுக்கு வருவோம். பிக், லார்ஜ், கிரேட் மூன்றையும் ஒழுங்காகப் பிரித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஜெராக்ஸ் தாளில் இந்த மூன்றையும் ‘சாதாரணச் சொல், தவிர்க்கவும்’ என்று போட்டிருப்பார்கள். நம்பாதீர்கள். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் நாள் முழுக்கப் பேசுவது இந்த மூன்றைத்தான்.

‘பிக்’ பேச்சுக்கு நெருக்கமானது. தப்பு, முடிவு, பிரச்சினை, வித்தியாசம் இவற்றோடு இயல்பாகச் சேரும்: பிக் மிஸ்டேக், பிக் டெசிஷன், பிக் பிராப்ளம். இந்த இடங்களில் லார்ஜ் போட்டால் ஒட்டாது. ‘லார்ஜ் மிஸ்டேக்’ என்று எழுதினால் தமிழ்நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

‘லார்ஜ்’ எண்ணுக்கும் அளவுக்கும் உரியது. லார்ஜ் நம்பர், லார்ஜ் அமவுண்ட், லார்ஜ் பாப்புலேஷன். எழுத்தில் பிக்கை விட மரியாதையானது. எண்ணக்கூடியதற்கு நம்பர், எண்ண முடியாததற்கு அமவுண்ட். ‘லார்ஜ் அமவுண்ட் ஆஃப் பீப்பிள்’ என்று எழுதி மதிப்பெண் விடுகிறவர்கள் அதிகம். ‘எ லார்ஜ் நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்’ என்று தொடங்கினால் பின்னால் வரும் வினை பன்மை.

‘கிரேட்’ கண்ணால் அளக்க முடியாதவற்றுக்கு: கிரேட் டிஃபிகல்ட்டி, கிரேட் கேர், கிரேட் இம்பார்ட்டன்ஸ். அறைக்கும் பெட்டிக்கும் போடாதீர்கள். ‘கிரேட் ரூம்’ என்றால் அறை அருமை என்றுதான் கேட்பவருக்குப் படும். ஆளைப் பற்றிப் பேசும்போது மூன்றும் மூன்று திசையில் போகும். கிரேட் மேன் சாதனையாளர். லார்ஜ் மேன் உடம்பு பெருத்தவர். பிக் மேன் ஆஜானுபாகுவாக இருப்பவர், சில நேரம் செல்வாக்குள்ளவர். கல்லூரிக்குப் பேராசிரியரைப் புகழ்ந்து எழுதும்போது எது வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

4. தமிழில் ‘பெரிய’, ஆங்கிலத்தில் வேறு

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். நாம் ‘பெரிய’ என்று சொல்லும் பாதி இடங்களில் ஆங்கிலத்தில் அளவுச் சொல்லே வராது. பேச்சுத் தேர்வில் ஓர் அட்டை கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். வானிலை பற்றிய அட்டை வந்தால் நம் பக்கத்து ஆட்கள் புயலை விடமாட்டார்கள். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த தானே புயலை எடுத்துக்கொள்வோம். தமிழில் சொன்னால்: பெரிய புயல், பெரிய காற்று, பெரிய மழை, பெரிய சத்தம், பெரிய சேதம். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் பெரிய அளவில் விழுந்தன, விவசாயிகளுக்குப் பெரிய நஷ்டம், பெரிய கஷ்டம்.

இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். புயல் ‘சிவியர்’. காற்று ‘ஸ்ட்ராங்’. மழை ‘ஹெவி’. சத்தம் ‘லவுட்’, காதைப் பிளந்தது என்றால் ‘ட்ரெமெண்டஸ்’. சேதம் ‘எக்ஸ்டென்சிவ்’, அதாவது பரவலாக நேர்ந்தது. விழுந்த மரங்கள் ‘எ லார்ஜ் நம்பர் ஆஃப்’. நஷ்டம் ‘ஹெவி லாசஸ்’. கஷ்டம் ‘கிரேட் டிஃபிகல்ட்டி’. ‘பெரிய’ எட்டு இடத்தில் வந்தது, ‘பிக்’ ஒரு இடத்திலும் வரவில்லை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்து இதே மாதிரி ஒரு முறை செய்து பாருங்கள். பட்டியல் மனப்பாடத்தில் கிடைக்காதது இதில் கிடைக்கும்.

இதே வகையில் இன்னும் சில. பெரிய கட்டடம் உயரத்தால் பெரியது என்றால் ‘டால்’. பெரிய விலை ‘ஹை’. போக்குவரத்து நெரிசல் ‘ஹெவி’. பெரிய ரோடு, அகலத்தால் என்றால் ‘வைட்’, முக்கியச் சாலை என்றால் ‘மெயின்’. மூவரில் பெரிய அண்ணன் ‘எல்டஸ்ட் பிரதர்’. ‘பிக் பிரதர்’ என்றால் அண்ணன் என்று மட்டும்தான். பெரியப்பாவை ‘பிக் ஃபாதர்’ ஆக்கிவிடாதீர்கள், ‘அங்கிள்’ போதும், விளக்கம் கேட்டால் அப்பாவின் அண்ணன் என்று சொல்லிக்கொள்ளலாம். ‘பெரிய மனுஷி’ ஆன கதையை எல்லாம் பேச்சுத் தேர்வுக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

‘பெரிய பெரிய வீடுகள்’ என்று அடுக்கிச் சொல்வது நமக்கு மூச்சு விடுகிற மாதிரி. ‘பிக் பிக் ஹவுசஸ்’ ஆங்கிலத்தில் இல்லை. ‘லாட்ஸ் ஆஃப் பிக் ஹவுசஸ்’ என்று போங்கள். அதேபோல ‘டூ பிக்’ என்றால் ‘ரொம்பப் பெரிசு’ அல்ல, தேவைக்கு மீறிப் பெரிசு, அதனால் ஆகாது என்று பொருள். பாராட்டாகச் சொல்ல நினைத்து ‘டூ’ போட்டால் குறை சொன்னதாக ஆகிவிடும்.

5. கனமான சொற்கள்

ஜெராக்ஸ் தாளின் மீதிச் சொற்கள் இங்கே வருகின்றன. எல்லாமே ‘மிகப் பெரிய’ என்று சொல்வது சோம்பேறித்தனம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாடிக்கை இருக்கிறது.

ஹியூஜ் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். பண்ருட்டிப் பலாப்பழத்துக்கும் சரி, வித்தியாசத்துக்கும் சரி. பேச்சில் தயங்காமல் போடலாம். எனார்மஸ் கொஞ்சம் எழுத்துநடை. செலவு, அழுத்தம், முயற்சி இவற்றோடு நன்றாக நிற்கும்.

வாஸ்ட் பரப்புக்கு. நெய்வேலித் திறந்தவெளிச் சுரங்கமோ, கடலோ, பாலைவனமோ இப்படிக் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்திருந்தால் வாஸ்ட். அனுபவத்துக்கும் போடலாம். யானைக்கு ஆகாது.

மாசிவ் கனமும் திண்மையும் உள்ளதற்கு. வில்லியனூர்த் தேரை வடம் பிடித்து இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் மறக்காது. மாரடைப்புக்கும் இதுதான் வாடிக்கைச் சொல். செய்தித்தாள்கள் இப்போது எல்லாவற்றுக்கும் மாசிவ் போட்டுத் தேய்த்துவிட்டன. கட்டுரையில் ஒரு தடவைக்கு மேல் வந்தால் நானே அடித்துவிடுவேன்.

இமென்ஸ் உணர்வுக்கும் உதவிக்கும்: இமென்ஸ் பிரைட், இமென்ஸ் ஹெல்ப். ஜைகாண்டிக் கண்ணால் பார்க்கிற உருவத்துக்கு. நெய்வேலியில் மண் வெட்டும் சக்கர இயந்திரங்களைச் சொல்லலாம். கொலாசல் பெரும்பாலும் வீணடிப்புக்கும் தவறுக்கும்: ‘கொலாசல் வேஸ்ட் ஆஃப் மனி’. மேமத், வேலைக்கு: ‘மேமத் டாஸ்க்’. ஹெஃப்டி, கையைக் கடிக்கும் பணத்துக்கு: அபராதம், பில், கட்டணம். தேர்வுக் கட்டணத்தையே அப்படிச் சொல்லலாம். பல்க்கி என்றால் இடத்தை அடைத்துக்கொண்டு தூக்கச் சிரமமானது, பார்சலுக்குச் சொல்லலாம்.

இதில் ஹியூஜ், எனார்மஸ், வாஸ்ட், இமென்ஸ், ஜைகாண்டிக் போன்றவற்றின் முன்னால் ‘வெரி’ போடாதீர்கள். ‘மிக’ ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அழுத்தம் வேண்டுமென்றால் ‘அப்சல்யூட்லி ஹியூஜ்’. லார்ஜ், பிக் இரண்டுக்கும் ‘வெரி’ தாராளமாகப் போடலாம்.

6. வரைபடக் கேள்விக்கு

அகாடமிக் எழுத்துத் தேர்வின் முதல் கேள்வி பெரும்பாலும் ஒரு வரைபடம் அல்லது அட்டவணை. 150 சொல்லாவது வேண்டும், 20 நிமிடம் ஒதுக்கலாம். ஜெனரல் எழுதுகிறவர்களுக்கு இந்த இடத்தில் கடிதம் வரும், அவர்கள் இந்தப் பகுதியின் கடைசிப் பத்திக்குப் போகலாம்.

வரைபடத்தில் கொலாசல், ஜைகாண்டிக் எல்லாம் வேண்டாம். ‘ஜைகாண்டிக் இன்கிரீஸ்’ என்று எழுதினால் பட்டிமன்றப் பேச்சு மாதிரி இருக்கும். இங்கே உதவுபவை அடக்கமான சொற்கள்: கன்சிடரபிள், சப்ஸ்டான்ஷியல், சிக்னிஃபிகண்ட். ‘குறிப்பிடத்தக்க அளவு’ என்று நாம் அறிக்கையில் எழுதுகிற இடத்தில் இவை வரும். கன்சிடரபிளை கன்சிடரேட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டாவது, மற்றவர் மேல் அக்கறையுள்ளவரைச் சொல்வது.

எண்ணைப் பார்த்துச் சொல்லைப் போடுங்கள். 100 பேரில் 90 பேர் என்றால் ‘தி வாஸ்ட் மெஜாரிட்டி’. 52 பேருக்கு அதைப் போட்டால் படத்தைத் தவறாகப் படித்ததாக ஆகிவிடும். அதற்கு ‘ஜஸ்ட் ஓவர் ஹாஃப்’ போதும். 30லிருந்து 33 ஆனது ‘ஸ்லைட்’. 30லிருந்து 60 ஆனதற்கு சப்ஸ்டான்ஷியலை விட ‘டபுள்ட்’ நேரடியாக இருக்கும். எது அதிகப் பங்கு என்று சொல்ல ‘தி லார்ஜஸ்ட் ஷேர்’, ‘பிக்கஸ்ட்’ வேண்டாம். ‘த்ரீ டைம்ஸ் பிக்கர்’ குழப்பும், ‘த்ரீ டைம்ஸ் அஸ் லார்ஜ் அஸ்’ தெளிவு.

இரண்டாவது கேள்வி கட்டுரை. 250 சொல்லுக்குக் குறையக்கூடாது, 40 நிமிடம். முதல் கேள்வியை விட இதற்கு இரட்டிப்பு மதிப்பு. வரைபடத்தில் சொல் தேடிக்கொண்டே 30 நிமிடம் உட்கார்ந்துவிடாதீர்கள்.

7. பார்க்கப் பெரிசு, பொருள் வேறு

‘எனார்மிட்டி’ எனார்மஸின் பெயர்ச்சொல் என்று நினைத்து எழுதுவார்கள். அதன் வழக்கமான பொருள் கொடுமை, செயலின் பயங்கரம். மாளிகையின் பிரம்மாண்டத்துக்கு அதைப் போட்டால் அங்கே ஏதோ குற்றம் நடந்த மாதிரி ஆகும். ‘கிராண்டியோஸ்’ பிரம்மாண்டம் அல்ல, வெற்று ஆடம்பரம். வெறும் ‘கிராண்ட்’ நல்ல சொல். ‘கிராஸ்’ சம்பளச் சீட்டில் பிடித்தம் போவதற்கு முந்தைய தொகை, பேச்சில் அருவருப்பு. ‘அட் லார்ஜ்’ என்று கேட்பு ஒலிப்பதிவில் வந்தால் குற்றவாளி இன்னும் பிடிபடவில்லை என்று பொருளாக இருக்கலாம். ‘பை அண்ட் லார்ஜ்’ என்றால் ‘மொத்தத்தில்’. ஆளைப் பற்றி ‘ஃபேட்’ சொல்லவே சொல்லாதீர்கள்.

8. படிக்கும் முறை, செலவில்லாமல்

சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், பெயர்ச்சொல்லோடு சேர்த்து எழுதுங்கள். ‘எக்ஸ்டென்சிவ்’ என்று ஒரு வரி எழுதுவது வீண். ‘எக்ஸ்டென்சிவ் டேமேஜ், எக்ஸ்டென்சிவ் ரிசர்ச்’ என்று எழுதினால் தேர்வில் தானாக வரும். ஆங்கிலம் கற்போருக்கான அகராதிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. எடுத்துக்காட்டு வாக்கியம் தருகிற அகராதியாகப் பாருங்கள், ஆங்கிலம்-தமிழ் அகராதி இந்த வேலைக்கு உதவாது. அச்சில் வேண்டுமென்றால் கடலூர் மாவட்ட மைய நூலகத்திலோ புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்திலோ உட்கார்ந்து படிக்கலாம். ஒரு நாளைக்கு நான்கு ஜோடி போதும். ஆறு வாரம் கையில் இருந்தால் நிதானமாக முடியும். கடைசி வாரம் புதுச் சொல் எதுவும் சேர்க்க வேண்டாம்.

9. தேர்வு நாளும் அதற்குப் பிறகும்

பதிவு செய்த அதே பாஸ்போர்ட், அசல். நகல் ஆகாது. நடுவில் புதுப்பித்திருந்தால் முன்கூட்டியே மையத்துக்குத் தெரியப்படுத்துங்கள். கைபேசி, கடிகாரம் உள்ளே போகாது. காலைத் தேர்வு என்றால் முந்தின இரவே சென்னை போய்விடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை பஸ்ஸை நம்பி 18,000 ரூபாயைப் பணயம் வைக்க வேண்டாம்.

கணினியில் எழுதினால் முடிவு சில நாட்களில் வந்துவிடும். மதிப்பெண் 2 ஆண்டு செல்லும். ஆகவே சேரும் தேதியை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு எழுதுங்கள். எழுத்தில் மட்டும் அரை பேண்ட் குறைந்திருந்தால் இரண்டு வழி. மறுமதிப்பீடு: தேர்வு நாளிலிருந்து 6 வாரத்துக்குள் கேட்க வேண்டும், மதிப்பெண் மாறினால் கட்டிய பணம் திரும்பி வரும். மற்றது, அந்த ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுதுவது: கணினித் தேர்வுக்கு மட்டும், 60 நாளுக்குள், ஒரே ஒரு முறை. இதை எல்லாக் கல்லூரியும் ஏற்பதில்லை. உங்கள் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பதில் வந்த பிறகே பணம் கட்டுங்கள்.